நிலைப்படிக்கு வெளியே ஒரு நாற்காலி

போளூரைக் கடந்து திருவண்ணாமலையை நோக்கிச் செல்லும் பயணி, ஊரைக் காண்பதற்கு நெடுநேரம் முன்பே மலையைக் கண்டுவிடுகிறான். சென்ற ஆண்டு என் தமக்கையாரை அழைத்துக்கொண்டு அவ்வழியே சென்றேன். வண்டியின் முன் இருக்கையில் அமர்ந்திருந்த அவர், மலையைக் கண்டதும் கைப்பையைத் திறந்து ஏதோ ஒன்றை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். செபமாலையாக இருக்கும் என்று எண்ணினேன். அது தையற்காரர் பயன்படுத்தும் அளவு நாடா!

தமக்கையார் ஓய்வு பெற்ற ஆசிரியை. இரண்டு வயதில் இளம்பிள்ளை வாதம் கண்டு கால்கள் இரண்டும் செயலற்றுப் போயின. இளமையில் ஊன்றுகோல்களின் துணையால் நடமாடியவர், முதுமையில் சக்கர நாற்காலியையே நம்பி வாழ்கிறார். நம் நாட்டில் இந்நோய் இறுதியாகக் காணப்பட்டது 2011 ஜனவரியில். 2014 மார்ச்சில் இந்தியா இந்நோயினின்று விடுபட்டது என்று உலக நலவாழ்வு நிறுவனம் சான்று அளித்தது. ஆண்டவனுக்கு நன்றி. ஆயினும் அதற்கு முன் அந்நோய்க்கு ஆளானோர் இன்றும் நம்மிடையே வாழ்ந்துகொண்டுதான் இருக்கின்றனர். அவர்களுக்கும் ஊர் காணும் ஆவல் உண்டு. பெரியோர் வாழ்ந்த வீடுகளைக் கண்ணாரக் காண வேண்டும் என்ற வேட்கை உண்டு.

கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்த இருவருக்குத் திருவண்ணாமலையில் என்ன வேலை என்று அன்பர்கள் வினவலாம். தமக்கையார் அண்மைக் காலமாக அபிஷிக்தானந்த அடிகளாரின் வாழ்வைப் படித்துவருகிறார். பிரெஞ்சு நாட்டு பெனடிக்ட் சபைத் துறவியான ஆன்றி லெ சோ என்னும் இவர், 1949 ஜனவரியில் மொன்ஷனேன் அடிகளாருடன் இரமண மகரிஷியைக் காண இவ்வூருக்கு வந்தார். அடுத்த ஆண்டு அவ்விருவரும் குளித்தலைக்கு அருகே சாந்திவனத்தை நிறுவினர். 1952 முதல் லெ சோ அடிகளார் பன்முறை இம்மலைக்குத் திரும்பி வந்து, குகைகளில் தங்கி மௌனத்தில் இறைவனைத் தேடினார். "ஒரு சுவாமியாரை இவ்வளவு தூரம் இழுத்த இடத்தை நான் பார்க்க வேண்டும், தம்பி" என்று தமக்கையார் பல நாள் கூறியிருந்தார்.

மலையைச் சுற்றிச் செல்லும் 14 கிலோமீட்டர்ப் பாதையின் ஒரு பகுதியை அவர் தம் நாற்காலியிலேயே கடந்தார். பாதை நன்றாகவே இருந்தது. பிறகுதான் எங்கள் சிக்கல் தொடங்கிற்று.

இரமணர் வாழ்ந்த இடங்களை வரிசையாக எண்ணிப் பாருங்கள். 1879ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள் திருச்சுழியில் பிறந்தார். 1896இல் தம் பதினாறாம் வயதில், மதுரை சொக்கப்ப நாயக்கன் தெருவில் சிற்றப்பாவின் வீட்டு மாடியறையில் மரண அச்சம் அவரைப் பற்றிற்று. அந்த அறையில்தான் அவர் வாழ்வு திரும்பியது. அவ்வாண்டு செப்டம்பர் முதல் நாள் திருவண்ணாமலை சேர்ந்து, அருணாசலேசுவரர் கோயிலின் ஆயிரங்கால் மண்டபத்தில் உள்ள பாதாள லிங்கம் என்னும் நிலவறையில் அமர்ந்தார். 1899 முதல் 1916 வரை மலைமேல் விரூபாட்ச குகை. அதன்பின் 1922 வரை இன்னும் சற்று உயரத்தில் உள்ள கந்தாசிரமம். அவ்வாண்டு அன்னையார் மறைந்து மலையடிவாரத்தில் அடக்கம் செய்யப்பட்டபின் தாமும் கீழே இறங்கிவந்தார். 1950 ஏப்ரல் 14ஆம் நாள் அங்கேயே, ஒரு சிற்றறையில் உயிர் நீத்தார்.

மாடி, நிலவறை, குகை, மலைச்சரிவு, இறுதியாகச் சமதரை! இவ்விடங்கள் யாவும் இன்றும் போற்றிக் காக்கப்படுகின்றன. ஆனால் சக்கர நாற்காலியில் வருகிறவர் இவ்வரலாற்றின் கடைசி 28 ஆண்டுகளை மட்டுமே அணுகக்கூடும். முற்பகுதி முழுவதும் படிகளுக்கு அப்பால் உள்ளது. இதில் வியப்பு என்னவெனில், அந்தக் கடைசி ஆண்டுகளில் மகரிஷிக்கே முழங்கால்களில் வாதநோய் கண்டிருந்தது. கைத்தடியின்றி நடக்க இயலாதவரானார். அவரே இன்று திரும்பி வந்தால், தாம் வாழ்ந்த குகைக்கு ஏற அவருக்கும் துணை வேண்டியிருக்கும்.

ஆசிரமத்தின் பின்புறத்திலிருந்து கந்தாசிரமத்திற்குக் கல் பாவிய பாதை செல்கிறது. அப்பாதையின் தொடக்கத்தில் தமக்கையாரை மரநிழலில் அமர்த்தினேன். "நீ போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல். எதையும் கூட்டிச் சொல்லாதே, குறைத்தும் சொல்லாதே" என்றார். மேலே சென்றதும் கைப்பேசியில் அவரை அழைத்து, கோபுரங்களும் ஊரும் கீழே விரிந்து கிடப்பதைப் படத்தில் காட்டினேன். சிறிது நேரம் பார்த்தவர், "படம் போதும். அங்கே என்ன ஓசை கேட்கிறது?" என்று வினவினார். பேசியைச் சுனைப் பக்கம் நீட்டினேன். கீழிருந்து மறுமொழி வர நெடுநேரமாயிற்று.

இந்த மலையை யாரும் வெட்டிச் சாய்க்க வேண்டும் என்று தமக்கையார் கருதவில்லை. நானும் கருதவில்லை. மலை என்றால் மலைதான். ஆனால் மனிதர் கட்டிய வீடு மலை அன்று. அங்கே நம்மைத் தடுப்பது பெரும்பாலும் ஆறு அங்குலம். சில சமயம் நான்கே அங்குலம்.

இதை அவர் கற்றுக்கொண்டது வேறோர் ஊரில். சில ஆண்டுகளுக்கு முன், தென் மாவட்டம் ஒன்றில் ஒரு பெரியவர் பிறந்து வளர்ந்த வீட்டைக் காணச் சென்றோம். பெயர் வேண்டாம். அவ்வீட்டின் முன் மூன்று படிகள்; அதற்குமேல் திண்ணை; அதைக் கடந்தால் உயர்ந்த நிலைப்படி. காவலர் நல்ல மனிதர். "அம்மாவை நாங்கள் நான்கு பேர் தூக்கிவிடுகிறோம்" என்று ஆட்களைக் கூப்பிடலானார். தமக்கையார் வேண்டாம் என்று தலையசைத்தார். காவலருக்கு மனம் வருந்திற்று. எனக்கோ சற்றுச் சினம் வந்தது. அவ்வளவு தூரம் சென்றுவிட்டு வாசலோடு திரும்புவதா? வண்டியில் திரும்பும்போது அவர் கூறலானார்: "தூக்குகிறவர் நல்லெண்ணத்தோடுதான் தூக்குகிறார். ஆனால் தூக்கிய நொடியிலிருந்து நான் எங்கே பார்ப்பது, எவ்வளவு நேரம் நிற்பது, எப்போது வெளியே வருவது எல்லாம் அவர் கையில். ஒரு சுவரில் தொங்கும் படத்தின் முன் பத்து நிமிடம் இருக்க எனக்கு ஆசை என்றால், நான்கு பேரைக் காக்க வைத்துக்கொண்டு எப்படி இருப்பேன்? இடறி விழுந்தால் அவர்களுக்கும் பழி."

நான் விடை கூறவில்லை. அவ்வாரமே அவர் ஓர் அளவு நாடாவும் கோடு போட்ட நோட்டுப்புத்தகமும் வாங்கினார். அன்று முதல் செல்லும் இடந்தோறும் படிகளின் எண்ணிக்கை, ஒவ்வொன்றின் உயரம், கதவின் அகலம் ஆகியவை அந்நோட்டில் ஏறுகின்றன. கைக்கு எட்டாதவற்றை நான் அளப்பேன்; அவர் எழுதுவார்.

நம் முன்னோர் வீட்டை உயரத்தில் கட்டியதற்குக் காரணம் உண்டு. மழைநீரும் பாம்பும் உள்ளே புகலாகாது, தெருப்புழுதி படியலாகாது, வழிப்போக்கன் அமரத் திண்ணை வேண்டும். திண்ணையைத் தாண்டினால் நிலை, ரேழி, அதன்பின் தாழ்ந்த முற்றம், அதைச் சுற்றித் தூண்கள் நிறைந்த தாழ்வாரம், மூலையில் ஏணிபோல் செங்குத்தான மாடிப்படி. குனிந்து செல்ல வேண்டிய கதவுகளையும் காண்கிறோம். இவை அனைத்தும் வீட்டின் அழகு, வீட்டின் வரலாறு. இவற்றை இடித்துச் சமன்செய்தால் பார்ப்பதற்கு அங்கே என்ன மிஞ்சும்? பாதுகாப்போர் தயங்குவதில் நியாயம் இருக்கிறது.

குமரி மாவட்டத்துப் பத்மநாபபுரம் அரண்மனையைக் கண்டோர் இதை உணர்வர். மறைசாட்சியான புனித தேவசகாயம், மார்த்தாண்டவர்மாவின் ஆட்சியில் அரசுப் பணியாற்றிய காலத்து நினைவுகளைத் தாங்கி நிற்கும் இடம் அது. அவர் 2022 மே 15ஆம் நாள் புனிதராக உயர்த்தப்பட்டார். அங்கே மந்திரசாலை மாடியில் உள்ளது. மரப்படிகள் குறுகியவை, செங்குத்தானவை. நல்ல கால்கள் உடையோரும் கைப்பிடியைப் பற்றிக்கொண்டே ஏறுகின்றனர். இராமேசுவரத்தில் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் அவர்களின் இல்லத்தில் காட்சிக்கூடம் இருப்பதும் மேல்தளத்தில்தான். எளிய குடும்பத்தின் வீடு, இடமோ சிறிது. வீடு சிறிதாக இருப்பது யார் குற்றம்?

மற்றொரு தடையும் உண்டு. அது மேனாட்டு நூல்களில் காணப்படாதது. நம் நாட்டில் இத்தகைய இல்லங்கள் பலவற்றில் செருப்பைக் கழற்றிவிட்டே உள்ளே செல்கிறோம். அப்படியானால் சக்கரம் செருப்பா, காலா? தெருவில் உருண்டுவந்த சக்கரம் தூய இடத்தில் படலாகாது என்று சிலர் தடுப்பதுண்டு. "உங்கள் காலும் தெருவில்தானே நடந்து வந்தது? அதைக் கழுவிக்கொள்கிறீர்கள். என் காலையும் கழுவித் தருகிறேன்" என்பது தமக்கையாரின் விடை. அவர் பையில் எப்போதும் ஒரு பழந்துணியும் சிறு புட்டியில் தண்ணீரும் இருக்கும். சக்கரங்களைத் துடைக்கும்போது பெரும்பாலோர் வழிவிட்டுவிடுகின்றனர். சில இடங்களில், வாசலில் வேறொரு நாற்காலியை வைத்துக்கொண்டு அதில் மாறி அமரச் சொல்கின்றனர். நல்ல ஏற்பாடுதான், ஆனால் நாற்காலி அவரவர் உடலுக்கு அளவெடுத்த சட்டைபோல. முதுகு வளைந்தவருக்குப் பிறர் நாற்காலி பத்து நிமிடத்தில் வலி தரும் என்பதை ஏற்பாடு செய்வோர் அறிந்திருப்பது நலம்.

இனி, கடல் கடந்து ஒரு வீட்டைக் காண்போம். அமெரிக்கக் குடியரசுத் தலைவர் பிராங்க்ளின் ரூசுவெல்ட் 1921இல், தம் 39ஆம் வயதில், இளம்பிள்ளை வாதத்தால் தாக்கப்பட்டவர் என்பதை நாம் அறிவோம். அட்சன் ஆற்றங்கரையில் அய்ட் பார்க் என்னும் ஊரில் அவர் பிறந்த இல்லம் 1946 முதல் பொதுமக்கள் காணத் திறந்துவிடப்பட்டுள்ளது. அவ்வீட்டில் பெட்டிகளை மாடிக்கு ஏற்றுவதற்கென்று ஒரு சிறு தூக்கி இருந்தது. அதில் அமர்ந்து, கயிற்றைத் தம் கைகளாலேயே இழுத்து மேலே செல்வார். மின்சாரத்தால் இயங்கும் தூக்கியை அவர் விரும்பவில்லை. தீப்பற்றி மின்சாரம் நின்றுவிட்டால் நடுவில் அகப்பட்டுக்கொள்வோமே என்ற அச்சம். சமையலறை நாற்காலியின் அடியில் சக்கரம் பூட்டித் தமக்கு ஏற்ற குறுகிய வண்டியைச் செய்துகொண்டார். சாதாரணச் சக்கர நாற்காலி நுழையாத வழிகளில் அது நுழைந்தது. பின்னர் 1938, 39ஆம் ஆண்டுகளில் அருகிலிருந்த குன்றின்மேல் தமக்கென ஒரு சிறு இல்லம் கட்டியபோது, கீழ்த்தளத்தில் நிலைப்படியே இல்லாமல் அமைக்கச் செய்தார். ஊனமுற்ற ஒருவர் தம் தேவையை உணர்ந்து தாமே திட்டமிட்ட வீடுகளுள் அது முன்னோடியாகக் கருதப்படுகிறது.

ஆம்ஸ்டர்டாம் நகரில் ஆனி பிராங்க் என்னும் யூதச் சிறுமி இரண்டாண்டுகளுக்கு மேல் ஒளிந்து வாழ்ந்த வீடு நேர்மாறானது. புத்தக அலமாரிக்குப் பின்னால் மறைந்திருக்கும் அப்பகுதிக்குச் செங்குத்தான படிகளே வழி. அவற்றை அகற்றினால் ஒளிவிடம் ஒளிவிடமாக இராது. ஆதலால் அதைக் காப்போர், பழைய பகுதிக்குச் சக்கர நாற்காலி வர இயலாது. புதிய கட்டடப் பகுதிக்கு வரலாம் என்று வருகிறவர்களுக்கு முன்கூட்டியே தெளிவாக அறிவித்துவிடுகின்றனர். ஏற இயலாதோர் அவ்வறைகளைக் கருவியின் வாயிலாகக் காணவும் ஏற்பாடு செய்துள்ளனர். தமக்கையாருக்கு ரூசுவெல்ட்டின் தூக்கியைவிட இந்த அறிவிப்புத்தான் பிடித்திருந்தது. "இல்லை என்பதை வீட்டிலிருக்கும்போதே சொல்லிவிட்டால், நானூறு மைல் வந்து வாசலில் அழ வேண்டாம் பார்" என்றார்.

நம் நாட்டிலும் முயன்றால் முடியும் என்பதற்குச் சான்று உண்டு. 2001 ஜனவரியில், பேரறிஞர் ஸ்டீபன் ஹாக்கிங் டில்லிக்கு வந்தார். ஊனமுற்றோர் உரிமைக்காக உழைத்த ஜாவேத் அபிதி முன்கூட்டியே வலியுறுத்தியதன் பயனாக, தொல்லியல் துறையினர் குதுப்மினார், ஜந்தர் மந்தர் உள்ளிட்ட இடங்களில் தற்காலிக மரச் சாய்தளங்களை விரைந்து அமைத்தனர். கல்லுக்கு ஒரு கீறலும் இல்லை. அறிஞரும் உள்ளே சென்றார். அறிஞர் வந்ததால் பலகை வந்தது. வேலூரிலிருந்து வரும் பள்ளி ஆசிரியைக்கு அப்பலகை வருமா என்பதே கேள்வி.

சட்டம் வரும் என்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில், பொதுமக்கள் புழங்கும் கட்டடம் எதுவாயினும், அரசினுடையதாயினும் தனியாருடையதாயினும், சமய, பண்பாட்டுப் பணிக்கு உரியதாயினும், "பொதுக் கட்டடம்" என்றே கொள்ளப்படுகிறது. ஏற்கெனவே உள்ள பொதுக் கட்டடங்களைச் சீர்செய்ய, 2017 ஜூனில் விதிகள் வெளிவந்ததிலிருந்து ஐந்தாண்டு தவணை தரப்பட்டது. தவணை 2022இலேயே முடிந்துவிட்டது. 2024 நவம்பர் 8ஆம் நாள், ராஜீவ் ரதூரி தொடுத்த வழக்கில், இவ்வகை வசதிகள் வெறும் பரிந்துரையாக இருத்தல் போதாது, கட்டாய விதிகளாக வகுக்கப்பட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஊனமுற்றோர் என்ற சொல்லை மாற்றிவிட்டோம். படிகள் அப்படியே இருக்கின்றன.

கணக்கு மிக எளிது. ஓர் அடி உயரத்தை ஏற, சாய்தளம் பன்னிரண்டு அடி நீளம் இருக்க வேண்டும். அதைவிடச் செங்குத்தாக இருந்தால் நாற்காலி பின்னோக்கிச் சரியும். இறங்கும்போது அமர்ந்திருப்பவர் முன்னே விழுவார். ஆறு அங்குல நிலைப்படிக்கு ஆறடிப் பலகை போதும். காலையில் வைத்து மாலையில் எடுத்துவிடலாம். வீட்டில் ஓர் ஆணிகூட அறைய வேண்டுவதில்லை. கதவு ஏறத்தாழ மூன்றடி அகலமும், நாற்காலியைத் திருப்ப ஐந்தடிச் சதுரமும் வேண்டும். பழைய வீடுகளில் தாழ்வாரத்தில் இந்த இடம் பெரும்பாலும் கிடைத்துவிடும். இடரெல்லாம் வாசலில்தான். இரண்டரை அடி உயரத் திண்ணை வீட்டுக்கு முப்பதடிச் சாய்தளம் என்றால் அது தெருவின் மறுபக்கத்தைத் தொட்டுவிடும்!

ஆகவே கொல்லைப்புறத்தைத் திறக்கலாம் என்பர் சிலர். கிணற்றடியிலிருந்து வீட்டுக்குள் வரும் அவ்வழி பல வீடுகளில் தாழ்வானது, இடமும் தாராளம். பொறியாளரின் கண்ணுக்கு அதுவே ஏற்ற வழி. ஆனால் கொல்லைப்புற வாயில் நம் ஊர்களில் யார் யாருக்கென்று ஒதுக்கப்பட்டிருந்தது என்பதை நாம் மறந்துவிடலாகாது. தலைமுறை தலைமுறையாகச் சிலரை அவ்வழியே நிறுத்திவைத்த நாடு இது. இன்று மற்றொரு கூட்டத்தாரை, இனிய சொல்லோடு, அதே வழிக்கு அனுப்புவதா? இதைத் தமக்கையாரிடமே கேட்டேன். அவர் வருந்தவில்லை. "எனக்கு மட்டும் என்றால் வரமாட்டேன். எல்லாருமே கொல்லைப்புறமாக வந்து வாசல் வழியாகப் போகட்டும். அப்போது நானும் வருவேன். வீட்டுக்காரர் தினமும் புழங்கிய வழி அதுதானே?" என்றார். சீட்டு கொடுக்கும் மேசையைப் பின்புறத்திற்கு மாற்றினால் முடிந்துபோகும் காரியம் இது. எந்த நினைவு இல்லத்திலாவது இதைச் செய்து பார்த்தால் நன்று.

இதை எழுதும்போது நம் வீட்டையும் நினைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. நம் பங்கு ஆலயங்களுள் எத்தனை, முகப்பில் உயர்ந்த படிகளோடு நிற்கின்றன! ஞாயிறு திருப்பலிக்கு வந்துவிட்டு, பக்க வாயிலில் வெயிலில் அமர்ந்திருக்கும் முதியோரை நாம் பார்த்துப் பழகிவிட்டோம். பாடற்குழுவின் மேடைக்கும் வாசக மேடைக்கும் படிகள். ஒப்புரவுத் தொட்டிலிலோ நாற்காலி நுழைய இடமில்லை. கப்பர்நாகூமில் முடக்குவாதமுற்றவனை நால்வர் கூரையைப் பிரித்து இறக்கிய நிகழ்ச்சியைக் கேட்கும்போதெல்லாம் தமக்கையார் சிரிப்பார். "நான்கு பேர் கிடைத்தார்கள், சரி. அந்த வீட்டுக்காரர் கூரை போயிற்றே என்று சண்டைக்கு வந்ததாக எங்கும் எழுதவில்லை, கவனித்தாயா?" என்பார்.

திருவண்ணாமலையிலிருந்து திரும்பிய மறுவாரம், அடுத்து எங்கே செல்லலாம் என்ற பேச்சு எழுந்தது. ஒரு புலவர் வாழ்ந்த வீட்டைக் குறிப்பிட்டேன். தமக்கையார் உடனே அங்குள்ள காவலரின் எண்ணைத் தேடிப்பிடித்துத் தொலைபேசியில் அழைத்தார். நானும் அருகில் இருந்தேன். மறுமுனையில் ஓர் இளைஞரின் குரல் உற்சாகமாக ஒலித்தது: "தாராளமாக வாருங்கள் அம்மா. இரண்டே படிதான், ஒன்றும் சிரமமில்லை."

"ஒவ்வொரு படியும் எத்தனை அங்குலம், தம்பி?" என்று கேட்டார் தமக்கையார்.

சிறிது நேரம் ஒன்றும் பேச்சில்லை. பிறகு, "இருங்கள் அம்மா, அளந்து பார்க்கிறேன்" என்றார் அவர். பேசியை மேசைமீது வைக்கும் ஓசையும், யாரிடமோ அளவுகோல் கேட்கும் குரலும் எங்களுக்குக் கேட்டன. தமக்கையார் நோட்டைப் பிரித்துப் புதிய பக்கத்தில் ஊரின் பெயரை எழுதிவிட்டுக் காத்திருந்தார்.